பத்து டொலரை அவர் கட்டிவிட்டார், இனி நான் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் இருக்கிறோம். எங்கள் ஊர் ஒன்றுகூடல்களில் பழக்கமான அண்ணை ஒருவர் போன கிழமை வீட்டுக்கு வந்தார். மாகாண கன்சவேட்டிவ் கட்சியின் அங்கத்துவப் படிவத்தில் என்னிடமும் கணவரிடமும் 16 வயது மகனிடமும் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கினார். ஆளுக்குப் பத்து டொலரைத் தானே கட்டுவதாகச் சொன்னார். எல்லோருடைய அடையாள அட்டையையும் போனில் படம் எடுத்தார். வேட்பாளரைத் தெரிவு செய்யும் நாளில் பஸ் வரும், மண்டபத்தில் சாப்பாடும் உண்டு என்றார். அம்மா இன்னும் பீஆர்தான் (நிரந்தர வதிவுரிமை மட்டும்), குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். நான் மத்திய தேர்தலில் லிபரலுக்கு வாக்களித்தவள். இதனால் எங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா? அம்மாவின் விண்ணப்பம் கெடுமா?

பதில்: முதலில் அம்மாவின் கதை, ஏனென்றால் உங்கள் நித்திரையைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. ஒரு கட்சியின் அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வைத்தது குற்றமல்ல. கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தெரிவு அரசாங்கத்தின் தேர்தலும் அல்ல. ஒன்ராறியோவில் வசிக்கிறாரா, வயது காணுமா என்பதைத்தான் இந்தக் கட்சி முக்கியமாகப் பார்க்கிறது. 2018 தலைவர் தெரிவில் 14 வயது நிரம்பிய அங்கத்தவர்களும் வாக்களித்தார்கள். ஆகவே உங்கள் மகனும் படிவத்தில் இருக்கலாம்.

ஆனால் மாகாணத் தேர்தல் நாள் வேறு. அன்று வாக்களிக்க 18 வயது நிரம்பிய கனடியக் குடியுரிமையாளராகவும் ஒன்ராறியோவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். பீஆர் உள்ளவர் வாக்களித்தால் அது குற்றம். “அண்டைக்கு மண்டபத்தில போட்டனீங்கள்தானே அம்மா, இண்டைக்கும் வாங்கோ” என்று அதே அண்ணை அதே பஸ்ஸோடு வந்து நிற்பார். அந்த பஸ்ஸில் அம்மா ஏறக்கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். குடியுரிமைக்காகக் காத்திருக்கும் ஒருவர் தொடவே கூடாத இடம் அது.

நீங்கள் லிபரலுக்குப் போட்டது உங்கள் இரகசியம், அதை எவரும் கேட்க முடியாது. அதைவிட, ஒட்டாவாவில், மத்திய நாடாளுமன்றத்தில் இருக்கும் கன்சவேட்டிவ் கட்சியும் குயின்ஸ் பார்க்கில், மாகாணச் சட்டசபையில் இருக்கும் முற்போக்குக் கன்சவேட்டிவ் கட்சியும் வேறு வேறு அமைப்புகள். அங்கத்துவம், தலைவர், கணக்கு எல்லாமே வேறு. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஆள் சேர்ப்பவர்களும் தெரியாத மாதிரியே பேசுவார்கள். தொகுதி எல்லைகூட ஒன்றல்ல. 2025 மத்திய தேர்தலில் ஸ்காபரோவின் கில்ட்வூட்டும் றூஜ் பார்க்கும் ஒரே தொகுதிப் பெயருக்குள் வந்துவிட்டன. மாகாணத்தில் இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. எனவே அண்ணை சொன்ன தொகுதி உண்மையில் உங்கள் தொகுதிதானா என்பதை மாகாணத் தேர்தலை நடத்தும் எலெக்சன்ஸ் ஒன்ராறியோவின் தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். வேறு தொகுதி ஆட்களை இந்தத் தொகுதிக் கணக்கில் கொண்டுவந்து சேர்ப்பது பழைய வித்தை.

இனி அந்தப் பத்து டொலர். சின்னக் காசுதானே என்று நினைக்காதீர்கள், முழுச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. ஒருவர் தன் விருப்பத்தில் கட்சியில் சேர்ந்தார் என்பதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி, அவர் தன் கையால் கட்டிய காசு. ஒரே ஆள் நூறு பேருக்குக் கட்டினால் சேர்ந்தது நூறு பேரல்ல, நூறு கையெழுத்து வைத்திருக்கும் ஒரு ஆள். தெரிவு நாளில் எதிராளியின் பிரதிநிதி உங்கள் பெயரைச் சவால் செய்து, “காசு யார் கட்டினது?” என்று வாசலில் வைத்துக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பொய் சொல்ல வேண்டும், அல்லது அண்ணையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஊர்க்காரர் நிறைந்த மண்டபத்தில் இரண்டுமே வெட்கக்கேடு.

இந்த வியாபாரம் எவ்வளவு பெருத்தது என்பதற்கு இதே கட்சியின் கதை போதும். பற்றிக் பிரவுன் தலைவராக இருந்தபோது அங்கத்தவர் தொகை 2 இலட்சத்துக்கு மேல் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் 2018 ஜனவரியில் பதவி விலகி, இடைக்காலத் தலைவராக வந்த விக் பெடலி புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது இருந்தது சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரம். மற்ற எழுபதாயிரம் பேர் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு முந்திய வருடம் ஹமில்டன் பக்கத் தொகுதி ஒன்றில் நடந்த வேட்பாளர் தெரிவு பொலிஸ் விசாரணை வரை போனது. ஸ்காபரோ சென்டரிலும் ஒட்டாவா வெஸ்ட் நேப்பியனிலும் முடிந்துபோன தெரிவுகளை பெடலி ரத்துச் செய்தார். பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, வாக்களித்து, சாப்பிட்டுப் போனவர்களின் வாக்கு ஒரே அறிவிப்பில் இல்லாமல் போனது.

நான் பல வருடங்கள் இந்த மண்டப வாசல்களில் நின்றவன். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, எல்லாரும் ஒன்றுதான். ஒருமுறை மூன்று மணி நேர வரிசையில் ஓர் ஆச்சி, வாக்குப் போட வேண்டிய பேர் எழுதிய ரிஷ்யூப் பேப்பர் ஒன்றைப் பொத்திப் பிடித்தபடி நின்றா. வியர்வையில் எழுத்து ஊறிவிட்டது. “தம்பி, இதில என்ன பேர் எழுதிக் கிடக்கு? எழுதித் தந்தவர் வெளியில சிகரெட் குடிக்கப் போயிட்டார்” என்றா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வென்றவர் வெறும் கொஞ்ச வாக்கில் வென்றவர்.

2018இல் ஸ்காபரோ றூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும் மார்க்கம் தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் இந்தக் கட்சியில் வென்றார்கள். 2022இலும் 2025இலும் மறுபடி வென்றார்கள். அதன்பிறகு, தமிழ்ப் பெயர்கள் நிறைந்த ஒரு பட்டியல் கையில் இருந்தால் வேட்பாளர் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை சும்மா இருந்தவர்களுக்கும் வந்துவிட்டது. நடைமுறை அப்படியில்லை. 2025 பெப்ரவரியில் 124 தொகுதிகளில் 80ஐ வென்ற கட்சி இது. கட்சிக்கு ஏற்கெனவே சட்டசபை உறுப்பினர் இருக்கும் தொகுதியில் அவரே திரும்ப நிற்கிறார் என்றால் போட்டித் தெரிவு நடப்பதே அருமை. ஆகவே அண்ணையிடம் முதலில் கேட்க வேண்டியது, “உங்கட ஆள் ஆர்?” என்பதல்ல. “தெரிவுக் கூட்டம் நடக்கும் என்று கட்சி எழுத்தில் அறிவித்துவிட்டதா, எத்தனையாம் திகதி?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் உங்கள் பெயர் ஏதோ ஒரு பேரத்துக்கான சரக்கு. “என்னட்டை ஐந்நூறு தமிழ் வாக்கு இருக்கு” என்று மேலிடத்தில் காட்டுவதற்கான பட்டியல்.

அப்படிக் கூட்டம் நடந்து உங்கள் ஆள் வென்றாலும் கடைசிச் சொல் உங்களுடையதல்ல. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரோடு கட்சியின் பெயரும் வர வேண்டுமானால் தலைவரின் ஒப்புதல் வேண்டும். டக் போர்ட் 2018 மார்ச் 10இல் தலைவரானார். அடுத்த சில கிழமைகளுக்குள் 11 தொகுதிகளுக்கு வேட்பாளர்களைத் தானே நியமித்தார். தலைவர் பதவிக்கு அவரோடு போட்டியிட்ட தான்யா கிரானிக் அலன் மிசிசாகா சென்டரில் முறைப்படி தெரிவானவர். அவருடைய பழைய பேச்சுகள் வெளிவந்ததும் மே மாதத் தொடக்கத்தில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நீக்கப்பட்டார். நீக்கியது சரியா பிழையா என்பது வேறு கதை. “நீங்கள் போடுற வாக்குத்தான் வேட்பாளரைத் தீர்மானிக்கும்” என்று அண்ணை சொன்னால், அதில் பாதிதான் உண்மை என்று தெரிந்துகொண்டு தலையாட்டுங்கள்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், மாகாணத் தேர்தலில் ஒரு வாக்குப்பெட்டி ஒரு அங்குலம் நகர்ந்தாலும் கேட்க ஆளிருக்கிறது. அந்தத் தேர்தலுக்கு யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டமோ ஒரு தனியார் கிளப்பின் உள்வீட்டு விவகாரம். காசுக் கணக்கைத்தான் எலெக்சன்ஸ் ஒன்ராறியோ பார்க்கும். யார் வந்தார், யாரை வாசலில் திருப்பி அனுப்பினார்கள், பெட்டியில் எத்தனை சீட்டு விழுந்தது என்பதெல்லாம் கட்சியின் பாடு. முறைப்பாடு கொடுத்தாலும் விசாரிப்பது அதே கட்சிதான்.

அடையாள அட்டைப் படம் இதைவிட மோசம். உங்கள் போன் நம்பரை வைத்திருக்கும் பீட்சாக் கடைக்குத் தனியுரிமைச் சட்டம் உண்டு. ஒன்ராறியோவின் மாகாணக் கட்சிகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசு கொடுக்கும் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் உண்டு. 2018 மே மாதம் 407 நெடுஞ்சாலை நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் சுமார் 60,000 பேரின் விபரங்கள் உள்ளிருந்தே திருடப்பட்டதாகச் சொன்னது. அதே வேளையில் பிராம்ப்டன் ஈஸ்ட் தொகுதியின் கன்சவேட்டிவ் வேட்பாளர் விலகினார். தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றுதான் அவர் சொன்னார். பெயரும் முகவரியும் இந்தச் சந்தையில் எவ்வளவு பெறுமதி என்பதற்காக இதைச் சொல்கிறேன். அட்டையைக் கூட்டத்து வாசலில் நீங்களே காட்டினால் போதும். எவருடைய போனிலும் அது இருக்கத் தேவையில்லை. அழிக்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால்.

ஒரேயொரு தாள் மட்டும் விதிவிலக்கு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்த பயத்தில் அதையும் கிழித்தெறிந்துவிடுவீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் எலெக்சன்ஸ் ஒன்ராறியோவுக்கு நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் அந்தத் தொகுதி வாக்காளர்கள் குறைந்தது 25 பேர் கையெழுத்து வைக்க வேண்டும். எந்தக் கட்சியானாலும் சுயேச்சையானாலும் இதுதான் விதி. இதற்காகவும் கதவைத் தட்டுவார்கள். இதில் காசு இல்லை, அங்கத்துவம் இல்லை, அவருக்குத்தான் வாக்களிப்பேன் என்ற வாக்குறுதியும் இல்லை. ஒருவர் தேர்தலில் நிற்கட்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் லிபரலாக இருந்துகொண்டே கன்சவேட்டிவ் வேட்பாளரின் பத்திரத்தில் கையெழுத்து வைக்கலாம். நான் அரசியல் எதிரிகளுக்கே வைத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கணவரும் குடியுரிமையாளர்கள் என்றால் தாராளமாக வைக்கலாம். அம்மா வைக்கக்கூடாது, அவர் வாக்காளர் அல்ல. மகனும் அப்படியே. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? தலைப்பைப் பாருங்கள். எலெக்சன்ஸ் ஒன்ராறியோவின் படிவமென்றால் அதன் பெயர் மேலே இருக்கும். கட்சியின் சின்னம் இருந்து, கட்டணம் கட்ட ஒரு பெட்டியும் இருந்தால் அது அங்கத்துவப் படிவம். இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து “இதிலயும் ஒண்டு வையுங்கோ” என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு தாளையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. “உங்கட பேரில ஒரு செக் எழுதித் தாங்கோ, காசை நான் கையில தாறன், வரிக் கழிவு உங்களுக்கு” என்று அடுத்த கிழமை வந்து கேட்டால் கதவை மூடுங்கள். நன்கொடையின் முதல் பகுதிக்கு மாகாணம் 75 வீதம் வரிக் கழிவாகத் திருப்பித் தருவது உண்மைதான். ஆனால் அடுத்தவர் காசை உங்கள் பெயரில் நன்கொடையாகக் கொடுப்பது சட்டவிரோதம். 25 டொலருக்கு மேல் காசாகக் கொடுப்பதும் கூடாது. இந்த இடத்தில் முதலில் மாட்டுவது நீங்கள்.

சொந்தக்காரருக்கு விசிட்டர் விசா, தங்கைக்கு ஸ்பொன்சர் என்று ஏதாவது சொல்லி ஆசை காட்டினாரா? மாகாண உறுப்பினருக்கு அதில் அதிகாரம் கிடையாது, அது ஒட்டாவாவின் வேலை.

இப்போது செய்ய வேண்டியது. கட்சித் தலைமையகத்துக்கு நீங்களே போன் எடுத்து, நான்கு பேரின் பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மின்னஞ்சல், எந்த போன் நம்பர் பதிவில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள், இது முக்கியம். ஆள் சேர்ப்பவர்கள் தங்களுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள், கட்சி அனுப்பும் கடிதம் எதுவும் உங்களுக்கு வராது. கட்சியில் இருக்க விருப்பமென்றால் விபரத்தைத் திருத்தி, உங்கள் சொந்த வங்கி அட்டையில் காசு கட்டுங்கள். அண்ணையின் நாற்பது டொலரை ஒரு என்வலப்பில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள், மனஸ்தாபம் வராது. விருப்பமில்லையென்றால் பெயரை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் பெயரை எப்படியும் நீக்கிவிடுங்கள். சட்டம் தடுக்கிறது என்பதற்காக அல்ல, ஒரு வயோதிபரை எந்த பஸ்ஸில் ஏற்றலாம், எந்த பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது.

படிவத்தின் பிரதி ஏதும் வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். அண்ணை வந்த திகதியையும், காசு யார் கட்டுவதாகச் சொன்னார் என்பதையும் அதன் பின்பக்கத்தில் எழுதி, அம்மாவின் குடியுரிமைக் கோப்போடு வையுங்கள்.