லேசரால் அடிநிலை வரை குளிர வைத்தாலே ஒரு நுண் அதிர்வி குவாண்டம் நிலைக்கு வந்துவிடுமா?

நீங்கள் இந்தத் துறைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் மாணவர் என்று வைத்துக்கொள்கிறேன். அடிநிலை என்றால் அதிர்விக்குச் சாத்தியமான மிகக் குறைந்த ஆற்றல் நிலை, அதுவரை குளிர வைப்பது மட்டும் போதாது. 2011-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு சிலிக்கான் நுண்சட்டம் ஒன்றை, அதாவது அதிரும் மிகச் சிறிய கம்பி ஒன்றை, லேசரால் சராசரியாக 0.85 ஃபோனான் (அதிர்வு ஆற்றலின் மிகச் சிறிய அலகு) வரை இறக்கியது. பெரிய சாதனைதான், ஆனால் அடிநிலையில் இருக்கும் அதிர்வியை லேசரால் எவ்வளவு தள்ளினாலும் சாதாரண ஊசலாட்டம் மாதிரியான நிலைதான் கிடைக்கும்.

என் முனைவர் பட்ட வேலையும் இப்படிப்பட்ட நுண்சட்டங்களில்தான். ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர், "வெப்பத்தை எடுத்துவிட்டீர்கள், சரி, இதில் குவாண்டம் எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கோபம் வந்தது, ஆனால் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் சில்லு சில கிகாஹெர்ட்ஸில் அதிர்வது, மில்லிகெல்வின் குளிரூட்டிக்குள், அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், வைத்தாலே அடிநிலைக்குப் போய்விடும், அங்கே லேசருக்கு வேலையே வேறு. சட்டத்துக்குள் ஒளியைச் சிறைப்பிடிக்கும் ஒளிக்குழியின் அதிர்வெண்ணுக்கு மேலே, நீலப் பக்கத்தில், மிக மெல்லிய துடிப்பு ஒன்றை அனுப்புவோம். எப்போதாவது ஒரு ஃபோட்டானும் ஒரு ஃபோனானும் ஜோடியாகப் பிறக்கும். டிடெக்டரில் கிளிக் வந்தால் சட்டத்தில் ஒரு ஃபோனான் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே, சிவப்புப் பக்கத்தில் அனுப்பும் துடிப்பு அந்த ஃபோனானை ஃபோட்டானாக மாற்றி வெளியே கொண்டுவரும், அதை இரண்டு டிடெக்டர்களுக்குப் பிரித்துவிட்டால் இரண்டும் சேர்ந்து அடிப்பது மிகவும் அரிதாகிவிடும், ஏனென்றால் ஒற்றை ஃபோட்டானைப் பிரிக்க முடியாது; சாதாரண ஊசலாட்டத்தில் இப்படி நடக்காது. இதைத்தான் அவருக்குக் காட்டினேன். வியன்னா, டெல்ஃப்ட் குழுக்கள் 2017-ல் இதை வெளியிட்டார்கள், 2018-ல் 20 செ.மீ. தள்ளியிருந்த இரண்டு சில்லுகளின் அதிர்வுகளையே குவாண்டம் முறையில் பின்னிப் பிணைத்தார்கள்.

பெரும்பாலான துடிப்புகளுக்குக் கிளிக்கே வராதே, வந்ததை மட்டும் பொறுக்குவது ஏமாற்று இல்லையா என்று யாராவது வருவார்கள். இல்லை. கிளிக் முதலில் வருகிறது, அளவீடு அதற்குப் பிறகுதான், அதனால் முடிவைப் பார்த்துப் பொறுக்குவதில்லை. துடிப்பை வலுவாக்கினால் ஒரே சமயத்தில் இரண்டு ஜோடிகள் பிறக்கும், சிலிக்கானும் ஒளியை உறிஞ்சிச் சூடாகிவிடும், அதனால்தான் இந்தப் பொறுமை. 2010-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் லேசருக்குப் பதிலாக கியூபிட்டை (இரண்டு நிலைகள் கொண்ட குவாண்டம் மின்சுற்று) வைத்தே ஒற்றை ஃபோனானைக் கட்டுப்படுத்தினார்கள் என்பதும் தெரியும், ஆனால் நீங்கள் கேட்டது ஒளியைப் பற்றி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்கிறேன். அந்தச் சில்லுகளைச் செதுக்கித் தந்த தொழில்நுட்பர் இல்லையென்றால் எங்களிடம் அதிர்வியே இருந்திருக்காது. எங்கள் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, நன்றியுரையில் ஒரே ஒரு வரி. நான் கேட்டும் மாற்றவில்லை.