ஸ்கேனரை மாற்றணுமா, பிரிண்டரை மாற்றணுமா?

கேள்வி: அண்ணே, கீழக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எப்சன் வி600 ஸ்கேனரும் ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டரும் பல வருஷமாக ஓடுகின்றன. இப்போது பழைய நெகட்டிவ் வேலை நிறைய வருகிறது. லோன் போட்டு இரண்டையும் மாற்றிவிடலாமா?

பதில்: ஸ்கேனருக்கு இப்போதைக்குப் பணம் போடாதீர்கள் தம்பி. வி600 பெட்டியில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று இருந்தாலும் அது நிஜமாகப் பிரித்துக் காட்டுவது 1600 டிபிஐ பக்கம்தான், அதற்கு மேல் வைத்தால் ஃபைல்தான் பெருக்கும். சரி, அது போதுமா என்பது உங்களிடம் வருகிற ஃபிலிமைப் பொறுத்தது. பழைய அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்த, அகலமான 120 ரோல் ஃபிலிம் என்றால் ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 56 மில்லிமீட்டர், அதிலிருந்து 300 டிபிஐயில் 11 அங்குலத்துக்கும் மேலே தாராளமாகப் போடலாம். 35 எம்எம் ஃபிலிமில் அதே ஸ்கேனர் ஏழரை அங்குலத்தோடு நின்றுவிடும். 5x7 கேட்டால் பிரச்சினை இல்லை, 8x12 கேட்டால் படம் மசங்கும். அப்படிக் கேட்பவர்கள் அடிக்கடி வந்தால்கூட புது ஸ்கேனர் வேண்டாம். கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா இருந்தால் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கிற ஒரு நல்ல மேக்ரோ லென்ஸும், நெகட்டிவுக்குப் பின்னாலிருந்து ஒளி தர ஒரு லைட் பேனலும் வாங்கி நெகட்டிவைப் படமெடுங்கள், ஃபிரேம் முழுக்க நிரம்பினால் 4000 டிபிஐ அளவுக்குக் கிடைக்கும்.

தூசி, கீறல் போவதற்காக மாற்ற நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தூசி, கீறலை ஸ்கேனரே நீக்குகிற டிஜிட்டல் ஐஸ் வசதி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கிற வெள்ளி அந்த ஒளியையும் மறைத்துவிடும், தூசி எது படம் எது என்று அதற்குத் தெரியாது. 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றை ஒரு குடும்பம் கொண்டுவந்தால் எவ்வளவு விலையுள்ள ஸ்கேனராக இருந்தாலும் கையால்தான் ரீடச் செய்யணும்.

ஸ்கேன் வெளிறித் தெரிந்தால் முதலில் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், கடற்கரை ஊரில் அங்கே படலம் கட்டியிருக்கலாம். துடைத்த பிறகும் எல்லா ஸ்கேனிலும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். புது விண்டோஸில் டிரைவர் கிடைக்கவில்லை என்பது காரணமே இல்லை, பழைய ஸ்கேனர்களையும் ஓட்டுகிற வ்யூஸ்கேன் சாஃப்ட்வேர் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.

பிரிண்டர் கதை வேறு. இங்க்ஜெட் சும்மா கிடந்தால் ஹெட் அடைக்கும், அடைப்பெடுக்க ஹெட் கிளீனிங் போடப்போட இங்க்கும் போகும், கழிவு இங்க்கை உறிஞ்சி வைக்கிற வேஸ்ட் இங்க் பேடும் நிரம்பும். ஒரு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள். படத்துக்குப் போன இங்க்கைவிட கிளீனிங்குக்குப் போனது அதிகம் என்றாலோ, புது ஹெட் விலை புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினாலோ மாற்றிவிடுங்கள். மேக்ஸி, பாஸ்போர்ட் போன்ற சின்ன சைஸ்தான் அதிகம் என்றால் ரிப்பனில் இருக்கிற சாயத்தைச் சூட்டில் பேப்பரில் ஏற்றும் டை சப்ளிமேஷன் பிரிண்டரே நல்லது, நாலு நாள் வேலை இல்லாமல் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எப்போதாவது வருகிற பெரிய சைஸை மதுரை லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது நெகட்டிவ்களுக்காகத்தான். வாடைக்காற்று காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே போய்விடும். இருக்கிற ஸ்கேனரிலேயே முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.