‘ரன்’ படுத்தும் பாடு

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ரன்’ என்ற ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கதையில் அம்மா மகனுக்காக ‘ரன் எ பாத்’ செய்கிறாள். அகராதியைத் திறந்தால் பத்தி பத்தியாக அர்த்தங்கள். இது ஆங்கிலத்தின் சொல் வறுமைதானே? தமிழில் இந்தக் குழப்பம் இல்லையே!

ர.

அன்புள்ள ர.,

தமிழில் இல்லையா? படம் நூறு நாள் ஓடுகிறது. மாவு மில் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, கடன் வாங்கி மாசம் ஓடுகிறது, கவலை வந்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது. எதற்கும் கால் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர் “கார் ஓடத் தெரியுமா?” என்றால், ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறார்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான், அளவு பெரிது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’டுக்குத்தான் மிக நீண்ட பதிவு. பின்னர் வந்த திருத்தத்தில் ‘ரன்’ முந்திக்கொண்டது: வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். ரயில், மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக எது வந்தாலும் இந்தச் சொல்லையே அதற்கும் மாட்டிவிட்டார்கள். அதை வறுமை என்று எப்படிச் சொல்வது?

645-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘ரன்’ ஆவது எது என்று மட்டும் பாருங்கள். மூக்கு என்றால் ஒழுகுகிறது. துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது. கடை என்றால் ஒருவர் அதை நடத்துகிறார் (அவர்கள் ஓட்டம் நமக்கு நடை!). உங்கள் கதையில் அம்மா எங்கேயும் ஓடவில்லை. தொட்டியில் குளிக்கத் தண்ணீர் திறந்துவிடுகிறாள்.

வங்கி வந்தால் உஷார். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் நீண்ட வரிசை. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதுவும் ‘ரன்’. ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் ஊழியர்களுக்கு மாரத்தான் வைத்தார்களோ என்று தோன்றும். ஒற்றைச் சொல் தேடாமல், ‘பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று விரித்தே எழுதிவிடுங்கள்.

தேர்தல் வந்தால் கவலையே இல்லை. அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். தமிழில் இருவருமே தேர்தலில் நிற்கிறார்கள்.