கப்பலா, சாக்கா?

கேள்வி: நம் எஃப்.சி.ஐ. கிடங்குகளில் அரிசி மலையாகக் குவிந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் பட்டினி. சிறு விவசாயிக்கு உதவுகிறோம் என்று ஐ.நா. அமைப்புகள் கோடிகளைக் கரைப்பதற்குப் பதில், நாம் அரிசியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்ததே?
- அல்சூர் வாசகர் ஒருவர், பெங்களூரு

பதில்: போர், வெள்ளம், பஞ்சம் என்றால் அனுப்பத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. வருஷா வருஷம் வெளி அரிசி வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று கரீபியன் தீவு நாடான ஹைத்தியைக் கேளுங்கள். 1995-ல் அந்த நாட்டில் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாக இறங்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் நெல்லுக்கு விலை இல்லாமல் போனது. அந்தக் கொள்கைக்குத் துணைபோன பில் கிளிண்டனே, 2010-ல் செனட் குழு முன் உட்கார்ந்து, ‘என் ஆர்கன்சாஸ் மாநில விவசாயிகளுக்கு வேண்டுமானால் நன்மை கிடைத்திருக்கலாம், அது தவறு’ என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் அது மலிவு அரிசிதான். நீங்கள் சொல்வதோ இலவச அரிசி!

இன்னொன்று, நம் அரிசியை நம்பி உலை வைப்பவர் கதி என்ன? 2023 ஜூலையில் இங்கே விலை ஏறியதும், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. தடை விலக 2024 செப்டம்பர் ஆனது.

பசிக்கு விளைச்சல் குறைவு மட்டும் காரணமல்ல. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் காராமணி பயிரிடுகிற குடும்பம் அறுவடை முடிந்த கையோடு விற்றுவிடுகிறது. கடன் ஒரு காரணம், வண்டு இன்னொன்று. காயிலேயே முட்டை வைத்துவிடும் பயறு வண்டு, சில மாதங்களில் மூட்டையைச் சல்லடையாக்கிவிடும். அதனால் எல்லாரும் ஒரே சமயம் விற்கிறார்கள், விலை சரிகிறது. ஐப்பசியில் விற்றவரே ஆடியில் கூடுதல் விலைக்கு வாங்கித் தின்கிறார். இவருக்கு வேண்டியது கப்பல் அல்ல, ஐந்தாறு மாதம் காத்திருக்கும் வசதி.

அதற்கு ஒரு சாக்கு போதும். 1980-களின் கடைசியில் கேமரூனில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் செய்து பார்த்த ‘பிக்ஸ்’ சாக்கு. வெளியே சாதாரண பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக 80 மைக்ரான் கனமுள்ள இரண்டு பாலித்தீன் பைகள். காற்றை அமுக்கி வெளியேற்றி, உள்பை வாயை முறுக்கி மடித்து இறுகக் கட்ட வேண்டும். பிறகு நடுப்பை, பிறகு வெளிச்சாக்கு, தனித்தனியாக. மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டால் காற்று கசியும். உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வண்டுகளே தீர்த்துவிட்டு, தின்பதை நிறுத்திக் காய்ந்து சாகும். மருந்து வேண்டாம். படுக்கையறை மூட்டைக்குள், விஷவாயு கக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடும் விபரீதமும் வேண்டாம்.

பழைய மைசூர்ப் பக்கத்து ராகிக் குழியான ‘ஹகேவு’வும் இதே சூத்திரம்தான். குழியைத் திறந்தவுடன் உள்ளே இறங்காதே என்று பெரியவர்கள் தடுத்தது சும்மா அல்ல. உள்ளே மூச்சுக்காற்று இருக்காது.

சாக்கு எங்கே காலை வாரும்? ஈரத்தில். ஈரத் தானியத்தைக் கட்டி வைத்தால் வண்டு சாகும், பூஞ்சை வாழும். பார்க்கக் கருவி தேவையில்லை. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு. ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டுவது நல்லது, 13-க்கு இறங்கினால்தான் நிம்மதி. வெயில் சூட்டோடு கட்டக் கூடாது, நிழலில் ஆறட்டும். எலி ஒரு ஓட்டை போட்டாலும் கதை முடிந்தது, ஆகவே பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி. சமையலுக்கென்று தினமும் அவிழ்க்கிற மூட்டை வேறாக இருக்கட்டும்.

கோடிகள் கரைகின்றன என்கிறீர்கள். கரைவதும் உண்டு. 2003-ல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் ஆப்பிரிக்க அரசுகள் பட்ஜெட்டில் 10 சதவீதம் விவசாயத்துக்கு என்று கையெழுத்துப் போட்டன. பெரும்பாலானவை அதை எட்டவில்லை. 2008-ல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் சிறு விவசாயிகளிடமே தானியம் வாங்கத் தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் பணம் கைக்கு வரத் தாமதமான இடங்களில், விவசாயிகள் சங்கத்துக்குத் தருவதாகச் சொன்ன மூட்டை, ரொக்கத்தோடு வாசலில் நின்ற வியாபாரிக்குப் போய்விட்டது. விவசாயியைக் குறை சொல்லாதீர்கள், பள்ளிக் கட்டணம் காத்திருக்குமா?

ரோமில் இருக்கும் ‘இஃபாட்’ என்கிற ஐ.நா.வின் விவசாய வளர்ச்சி நிதியம் கொடுப்பதில் பெரும்பகுதி தானமல்ல, அரசுகள் திருப்பிக் கட்டும் கடன். அல்சூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ்கூட வேண்டாம், பகலிலேயே போய்வரும் தூரத்தில் தருமபுரி இருக்கிறது. 1989-ல் இஃபாட் உதவியோடு அங்கே ஆரம்பித்த பெண்கள் சேமிப்புக் குழுக்கள்தான் பின்னால் தமிழ்நாடு முழுக்க மகளிர் திட்டமாகப் பரவின. அறுவடை நாளில் அவசரக் கடன் நூறு ரூபாய்க்காக மூட்டையை விற்காமல் இருக்க அந்தக் குழுவின் உண்டியல் உதவும். சாக்கும் உண்டியலும் சேர்ந்தால்தான் காத்திருக்க முடியும். சாக்கை மட்டும் இலவசமாக வீசிவிட்டுத் திட்டம் மூட்டை கட்டினால், அடுத்த வருஷம் கிழிந்த உள்பைக்கு மாற்று வாங்கச் சந்தையில் கடை இருக்காது. இலவசமாகக் கிடைத்ததை எந்தக் கடைக்காரர் காசு போட்டு வாங்கி வைப்பார்?