நடு ஃபின்னைக் கழற்றலாமா?

கேள்வி: சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் மூன்று வருடமாக சர்ஃபிங் செய்கிறேன். எடை 62 கிலோ. அடியில் வால்பக்கம் ஐந்து ஃபின் (துடுப்பு போன்ற தகடு) பொருத்தும் வசதியுள்ள 6 அடி 2 அங்குல போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கூடவே த்ரஸ்டருக்கான (மூன்று ஃபின் அமைப்பு) ‘லார்ஜ்’ ஃபின் மூன்றும் கொடுத்தார்கள். போர்டு திரும்பவே மாட்டேன் என்கிறது. நடு ஃபின்னைக் கழற்றிவிட்டால் லேசாகிவிடும் என்கிறார் நண்பர். ஆகஸ்டில் இலங்கையின் அறுகம் குடாவுக்குப் போகிறேன். என்ன செய்வது?

பதில்: நடு ஃபின்னை அப்படியே இருக்க விடுங்கள். முதலில் மாற்ற வேண்டியது ஃபின்களின் அளவு. ஃபின் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பை உடைத்துத் திருப்ப அதற்கேற்ற எடை காலில் இறங்க வேண்டும். பொதுவாக ‘லார்ஜ்’ 75 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு, ‘மீடியம்’ 65 முதல் 80 வரை, ‘ஸ்மால்’ 55 முதல் 70 வரை. உங்களுக்கு ஸ்மால்தான். உங்கள் குறையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். திருப்பும்போது பின்னங்கால் எங்கே இருக்கிறது? ஃபின்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஃபோம் போர்டில் பழகியவர்கள் ஓரடி முன்னால் நிற்பார்கள். அங்கிருந்து எவ்வளவு அழுத்தினாலும் த்ரஸ்டர் அசையாது.

சரி, நண்பர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். த்ரஸ்டரில் நடுவில் உள்ளதைக் கழற்றினால் அது ட்வின் ஃபின், அதாவது இரண்டு ஃபின் போர்டு, ஆகிவிடாது. ட்வினுக்கென்று செய்த ஃபின்கள் நல்ல பெரியவை; அந்த இரண்டு மட்டுமே வாலைத் தாங்க வேண்டும் அல்லவா? த்ரஸ்டரின் ஓர ஃபின்களோ நடு ஃபின்னின் துணையை நம்பிச் செய்யப்பட்டவை. அது இல்லாமல் செங்குத்தான அலையில் சாய்ந்தால் வால் சறுக்கிக்கொண்டு போகும்.

த்ரஸ்டர் பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். 1970களின் கடைசியில் மார்க் ரிச்சர்ட்ஸ் ட்வின் ஃபின்னில் உலகப் பட்டங்களை அள்ளிக்கொண்டிருந்தார். அதே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சன் பெரிய ஆகிருதி. அவர் காலடியில் ட்வின் வழுக்கியது. 1980இல் மூன்று ஃபின்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துப் போர்டு செய்தார். மறு வருடம் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் மிகப் பெரிய அலைகளில் அந்தப் போர்டோடு வென்றார். போட்டி சர்ஃபிங்கே அதன் பிறகு மூன்று ஃபின்னுக்கு மாறியது.

ஓர ஃபின் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் வளைவு. பொருத்தினால் முன்முனை போர்டின் மூக்கை நோக்கிக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். போர்டைச் சாய்த்ததும் அந்தப் பக்க ஃபின் ஆழமாக இறங்கி, தண்ணீரை உதைத்து வேகம் தருகிறது. நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே வளைவு. திருப்பத்தின் நடுவில் வால் தெறிக்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதற்கு விலையாகக் கொஞ்சம் வேகம் போகும்.

அந்த வேகத்தை மீட்பதுதான் குவாட், அதாவது நான்கு ஃபின். நடுவில் ஒன்றுமில்லாததால் தண்ணீர் தடையின்றி வெளியேறுகிறது. பின் ஃபின்கள் ஓரத்தை ஒட்டியிருப்பதால் பிடிப்பும் குறைவதில்லை. நீளமாக ஓடும் அலையில் இது அருமை. ஆனால் அலையின் உச்சிக்கு நேராக ஏறிச் சட்டென்று திரும்புவது த்ரஸ்டரைவிடக் கடினம், திருப்பங்கள் அகலமாகும். சக்தியில்லாத சின்ன அலை நாட்களிலும் குவாட் கைகொடுக்கும், கோவளத்தில் அந்த நாட்கள் உங்களுக்குத் தெரியும்.

அறுகம் குடாவின் மெயின் பாயின்ட், வலப்பக்கம் நெடுந்தூரம் ஓடும் அலை. முதல் இரண்டு நாள் ஸ்மால் த்ரஸ்டரோடு இறங்குங்கள். அலை உங்களை முந்திக்கொண்டு உடைந்தால் குவாட்டுக்கு மாறுங்கள். ஓர ஃபின் இரண்டும் அப்படியே இருக்கும். சின்னதாக இரண்டு பின் ஃபின்கள் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் உங்கள் போர்டு எந்த வகை ஃபின் ஏற்கும் என்று முதலில் பாருங்கள்: எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று இரண்டு நிறுவன வகைகள் உண்டு; எஃப்சிஎஸ்ஸில் ஒரு ஃபின்னுக்கு இரண்டு குழி, ஃப்யூச்சர்ஸில் ஒரே நீளக் குழி. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் நுழையாது.

மாற்றுவதை ஒரே நாளில், அலை மாறுவதற்குள் மாற்றிப் பாருங்கள். நேற்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்றால் வித்தியாசம் ஃபின்னாலா கடலாலா என்று தெரியாது. அப்புறம், திருகு சாவியும் இரண்டு உதிரித் திருகுகளும் பையில் இருக்கட்டும். கரையேறியதும் குழிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணலும் உப்பும் சேர்ந்தால் திருகு இறுகி, கழற்றவே முடியாமல் போகும்.