ஆன்டிஆக்சிடென்ட்: சாப்பாட்டிலா, மாத்திரையிலா?

கேள்வி: எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, ஆன்டிஆக்சிடென்ட் உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது மேடம்?

பதில்: செல்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல்களும் உண்டாகின்றன. இவற்றில் ஜோடி இல்லாத எலக்ட்ரான் இருக்கும். அதனால் பக்கத்தில் உள்ள கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என எதிலிருந்தாவது ஒன்றைப் பிடுங்கப் பார்க்கும். ஆன்டிஆக்சிடென்ட் தன்னுடையதைக் கொடுத்து அதை அடக்கிவிடும். வைட்டமின் சி, ஈ, கரோட்டினாய்டுகள் (காய், பழங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம் தரும் பொருள்கள்) எல்லாம் உணவில் வருபவை. கேட்டலேஸ் போன்ற என்சைம்களை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. விளம்பரத்தில் இவற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது, விற்க முடியாதே!

கேள்வி: அப்படியென்றால் ஃப்ரீ ரேடிக்கலை அடியோடு ஒழித்துவிடலாமா?

பதில்: கூடாது. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதே இவற்றை வைத்துத்தான்.

கேள்வி: நான் சிகரெட் பிடிப்பவன். காய், பழம் அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை. பதிலுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பீட்டா கரோட்டின் என்பது கேரட்டில் இருக்கும் ஒரு கரோட்டினாய்டு. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. இது வெளியானது 1994-இல். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரியான இன்னொரு ஆய்வையும் 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கேரட்டைக் கண்டு பயப்பட வேண்டாம், சிக்கல் மாத்திரை அளவில்தான். காய் கனியில் நார்ச்சத்தும் மற்ற நூறு பொருள்களும் சேர்ந்தே வருகின்றன. அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து அதிக அளவில் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணியதுதான் தப்பு. அப்புறம், சிகரெட்டை விடுவதற்கு ஈடாக எந்தச் சத்தும் கிடையாது.

கேள்வி: சமைத்தால் எல்லாம் போய்விடுமா?

பதில்: வைட்டமின் சி குறையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் இன்னும் போகும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் கரோட்டினாய்டான லைக்கோபீன் நேர்மாறு: கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும். ஆகவே பச்சையாகவும் சாப்பிடுங்கள், சமைத்தும் சாப்பிடுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் 'ஓராக்' என்று பெரிய எண் போட்டிருக்கிறார்கள். அதிகம் இருந்தால் நல்லதா?

பதில்: ஓராக் என்பது ஓர் உணவின் ஆன்டிஆக்சிடென்ட் திறனைக் காட்டும் எண். ஆனால் அது சோதனைக் குழாயில் அளந்தது. பாலிஃபீனால்கள் என்ற தாவர ஆன்டிஆக்சிடென்ட்களில் பெரும்பகுதி குடலில் அப்படியே உறிஞ்சப்படுவதில்லை. இந்த எண்களைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் அதை நீக்கிவிட்டது.

கேள்வி: அப்பாவுக்கு விழித்திரை மையம் தேய்கிறது என்று கண் டாக்டர் லூட்டீன் சேர்ந்த மாத்திரை கொடுத்திருக்கிறார். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். நோயின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது முற்றுவதை இந்தக் கலவை தள்ளிப்போடும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. புதிய கலவையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற வேறு இரண்டு கரோட்டினாய்டுகள் இருக்கும். அப்பா முன்பு புகைபிடித்தவர் என்றால் பாட்டிலில் பீட்டா கரோட்டின் இல்லையே என்பதை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.