டெல்லியில் 10 லட்சத்துக்குப் பழைய சொகுசு எஸ்யுவி: எந்த எஞ்சினை வாங்கலாம்?

கேள்வி இது: டெல்லியில் வேலை, பட்ஜெட் 10 லட்சம், பழைய பிஎம்டபிள்யூ, ஆடி, பென்ஸ் எஸ்யுவிகளில் ஒன்றை வாங்க ஆசை. டீசலா, பெட்ரோலா, எந்த எஞ்சின்?

முதலில் ஆர்சி-யை வாங்கித் தேதியைப் பாருங்கள். பானட்டை அப்புறம் திறக்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாந்தவன்.

2021-இல் கரோல் பாகில் ஒரு டீலரிடம் ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் டீசல் எஸ்யுவி ஒன்றை 9 லட்சத்துக்கு வாங்கினேன். புதிதாக எடுத்தவர் அதற்கு நாலு மடங்கு கொடுத்திருப்பார். எந்த கம்பெனி என்பது வேண்டாம். வெள்ளை நிறம், உள்ளே பழுப்புத் தோல் சீட், கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகம் மூடுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிப் பணம் கொடுத்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். ஏழாவது மாதம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் காய்ந்த பட்டாணியைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு கிரகிரப்பு. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். "குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாயாபுரி பக்கம் ஒரு சந்தில் வேலை செய்யும் சர்தார்ஜி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். (தமிழன் என்று தெரிந்ததும் டெல்லியில் பாதிப் பேர் நம்மை "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவரும் அப்படித்தான்.) அவர் பானட்டைத் திறந்து முன்பக்கம் எதையும் தொடவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினின் பின்பக்கம், கண்ணாடியை ஒட்டிய பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "அண்ணா, செயின் போயிட்டிருக்கு. செயின் விலை பெரிசில்ல. ஆனா அது இருக்கிற இடத்துக்குப் போறதுக்கு எஞ்சினையே கீழ இறக்கணும்." மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம் ஆனது. அதில் உதிரிபாகம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நான் அன்று தெரிந்துகொண்டது இதுதான்: பழைய சொகுசுக் காரில் எஞ்சின் எவ்வளவு வலுவானது என்பதைவிட, அதில் கெட்டுப்போகும் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூலிதான் நம்மைக் கொல்லும்.

டைமிங் செயின் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது. அது நீண்டாலோ, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்தாலோ, நேரம் தவறி வால்வு பிஸ்டனில் இடிக்கும். பிறகு எஞ்சினே மாற்ற வேண்டியதுதான். பிஎம்டபிள்யூவின் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசலில் (2007 முதல் 2014 வாக்கில் வந்தவை, முதல் தலைமுறை எக்ஸ்1-இல் பார்க்கலாம்) இந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது, அதில் வந்த செயின் பிரச்சினை உலகமறிந்தது. 2014-க்குப் பிறகு வந்த பி47 அதைவிடத் தேவலை. பென்ஸின் 2.1 லிட்டர் ஓஎம் 651-க்கும், ஆடியின் மூன்று லிட்டர் வி6 டீசலுக்கும் செயின் பின்பக்கம்தான். அதற்காக இவை எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை. சத்தம் கேட்டால் அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், "விலையைக் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக்கூடாது.

சரி, டீசலா பெட்ரோலா?

டெல்லியில் இதை முடிவு செய்வது நாம் இல்லை, நாள்காட்டி. 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்கு பெட்ரோல் பங்கில் எண்ணெயே போடமாட்டோம் என்று ஆரம்பித்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ் 4-ம் (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் தர அளவு, எண் கூடக் கூடப் புகை குறைவு) அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை நம்பி 10 லட்சத்தைப் போடுவது அவரவர் துணிச்சல்.

அதைவிட உடனடியாகக் கடிப்பது குளிர்காலம். காற்று மிக மோசமாகி, கிராப் என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் நிலையை அறிவித்தார்கள் என்றால் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டாவிலும் பிஎஸ் 4 டீசல் கார்களை எடுக்க முடியாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். பிஎஸ் 6 கட்டாயமானது 2020 ஏப்ரலில். 10 லட்சத்தில் உங்களுக்குக் கிடைக்கிற டீசல் எஸ்யுவிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. ஆக, நவம்பர் முதல் ஜனவரி வரை அவ்வப்போது மெட்ரோவில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகவேண்டியிருக்கும், கீழே பார்க்கிங்கில் சொகுசுக் கார் தூசி படிந்து நிற்கும். மயூர் விஹாரிலிருந்து நான் அப்படிப் போயிருக்கிறேன். டெல்லியில் பழைய டீசல் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான், டீலரின் பெருந்தன்மை அல்ல.

"மைலேஜ் கொடுக்குமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். டீசல் லிட்டருக்கு 12, பெட்ரோல் 8 என்று வையுங்கள். டீசலில் 50 லிட்டர், பெட்ரோலில் 75 லிட்டர். டீசல் 88 ரூபாய், பெட்ரோல் 95 என்றால் வித்தியாசம் மாதம் 2,725 ரூபாய், வருடத்துக்கு 33 ஆயிரத்தைத் தொடாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒரு செட் மாற்ற நேர்ந்தால் பல வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

அதனால் டெல்லியிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு நான்கு சிலிண்டர் பெட்ரோலுக்கு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 2,000 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை இங்கே பதிவு செய்யத் தடை போட்டது. பென்ஸின் நான்கு சிலிண்டர் டீசல் 2,143 சிசி, மாட்டிக்கொண்டது. பிஎம்டபிள்யூ 1,995, ஆடி 1,968, தப்பித்துக்கொண்டன. 2016 ஆகஸ்டில் ஒரு சதவீத வரியோடு தடை நீங்கினாலும், கம்பெனிகளுக்குப் பயம் வந்துவிட்டது, பெட்ரோல் வகைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இங்கே 2016-க்குப் பிந்திய பெட்ரோலைத் தேடினால் கிடைக்கும்.

பெட்ரோலிலும் கண்ணிவெடி உண்டு. ஆடியின் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோலில் இரண்டாம் தலைமுறை (ஏறக்குறைய 2008 முதல் 2012 வரை) எஞ்சின் ஆயிலைக் குடிப்பதற்குப் பேர்போனது, பிஸ்டன் ரிங் வடிவமைப்பே காரணம். அடுத்த தலைமுறையில் சரிசெய்தார்கள். பிஎம்டபிள்யூவின் என்20 பெட்ரோலில் 2015-க்கு முந்தியவற்றுக்கு செயின் கைடு பிளாஸ்டிக் நொறுங்கும். வி8 (நான்கு நான்காக 'வி' வடிவில் நிற்கும் எட்டு சிலிண்டர்) பக்கம் போகவே வேண்டாம். குறிப்பாக பிஎம்டபிள்யூவின் என்63-இல் இரண்டு டர்போவும் 'வி'-க்கு நடுவில் உட்கார்ந்திருக்கின்றன, அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் ரப்பர், சீல் எல்லாம் அப்பளமாகப் பொரிந்துவிடும். டெல்லி மே மாதத்தில் ரிங் ரோடு நெரிசலில் அதை ஓட்டுவது நினைத்தாலே வியர்க்கிறது. டெல்லியில் வி8 எஸ்யுவி சின்னக் கார் விலைக்குக் கிடைக்கும், கிடைத்தாலும் வேண்டாம்.

ஓரிரு வருடத்தில் ஊருக்குத் திரும்பப்போகிறேன், காரையும் கொண்டுபோவேன் என்றால் கதை வேறு. கோவையில் இருக்கும் என் மைத்துனன் மாதம் ஒருமுறை போன் செய்வான். "மாமா, டெல்லில பென்ஸ் சல்லிசாக் கெடைக்குதாமே, ஒண்ணு புடிச்சு அனுப்புங்க." அவனுக்கு டீசல் பொருந்தும். வாரம் ஒருமுறை பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் போகிறவன். நீண்ட ஓட்டத்தில்தான் டீசல் ஆரோக்கியமாக இருக்கும். பிஎஸ் 6 டீசலின் புகைக்குழாய் வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

அவனுக்கு நான் சொன்னது வோல்வோவின் ஐந்து சிலிண்டர் 2.4 லிட்டர் டீசல். வோல்வோவில் செயின் இல்லை, பெல்ட்தான், முன்னால் இருக்கும், நேரத்துக்கு மாற்றினால் போதும். பென்ஸின் மூன்று லிட்டர் வி6 ஓஎம் 642-வும் நல்ல உழைப்பாளி, ஆனால் ஆயில் கூலரின் சீல் கசியும். சீல் மலிவுதான், ஆனால் அது வி-யின் பள்ளத்தில் இருக்கிறது, மேலே இருக்கும் அத்தனையையும் கழற்றிய பிறகுதான் கைக்கு எட்டும். ஆடி இரண்டு லிட்டர் டீசலுக்கு இன்னொரு வசதி, அதே குடும்ப எஞ்சினை ஸ்கோடாவிலும் போட்டிருக்கிறார்கள், எந்த ஊரிலும் கைவைக்க ஆள் கிடைக்கும். 2015-இல் உலகமே பேசிய மாசு மோசடியில் சிக்கிய எஞ்சினும் அதுதான், இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். டெல்லியில் என்ஓசி-யை (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று) 10 வருடம் முடிவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊரில் மறுபதிவுக்கு ஆயுள் வரி தனி, அதையும் விலையோடு கூட்டித்தான் "சல்லிசு" என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்ட பிறகு மைத்துனன் இன்னோவா வாங்கிவிட்டான்.

கடைசியாக, பார்க்கும் விதம். போன ஜனவரியில் நண்பர் ஒருவருக்காகக் கரோல் பாக் போனோம். முந்தின நாளே டீலரிடம், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லியிருந்தோம். காலை ஏழு மணி, மூடுபனி. வரிசையாக நின்ற எல்லாக் கார்களின் பானட்டிலும் பனித்துளி கோத்திருந்தது. நாங்கள் பார்க்கவந்த கார் மட்டும் காய்ந்திருந்தது. கையை வைத்தேன், வெதுவெதுப்பு. பையனை அனுப்பி அரை மணி முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். "டீ சாப்பிடுங்க சார்" என்றார் டீலர். டீயை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் சொல்லாமல் போய் வேறொரு கார் பார்த்தோம், 2017 பெட்ரோல். பனி ஈரத்தோடு நின்றது. ஸ்டார்ட் செய்ததும் பட்டாணிச் சத்தம் இல்லை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்தத் துளைமேல் வைத்தேன், குதிக்கவில்லை, சும்மா கிடந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தேன், பெட்ரோல் வாடை இல்லை. புகைக்குழாயில் விரல் விட்டால் வறண்ட கரி, பிசுபிசுப்பு இல்லை. அப்புறம் சர்தார்ஜி ஸ்கேனரை மாட்டி, அவருடைய ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக் கேட்டார். நண்பர் 11 லட்சம் சொன்னதை 9.75-க்கு முடித்தார். பேரத்தில் மிச்சமான ஒன்றேகால் லட்சத்தை முதல் வருடச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போடச் சொன்னேன். இப்போது அதில் 60 ஆயிரம் பாக்கி இருக்கிறது.

நான்? டீசலை 2023-இல் ராஜஸ்தான்காரர் ஒருவருக்கு என்ஓசி-யோடு விற்றுவிட்டேன். இப்போது ஓட்டுவது பெட்ரோல் ஹேட்ச்பேக்.